அண்டாவோரம் கிடந்த அரணை வால்

வேம்புக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது என்றுதான் எங்கள் ஊரில் பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நடவு நாளில் நாற்றுக்கட்டுக்குள்ளிருந்து தண்ணிப்பாம்பு தலை நீட்டினால் மற்ற பெண்கள் சேற்றில் விழுந்து எழுந்து ஓடுவார்கள். வேம்பு அதைக் குச்சியால் தூக்கி வாய்க்காலில் எறிந்துவிட்டு, "போயி ஒங்க ஆத்தாளத் தேடு" என்று வழியனுப்பி வைப்பாள். குடித்துவிட்டுப் பஸ் நிறுத்தத்தில் வம்பு பேசுகிறவர்கள்கூட அவள் வருவதைப் பார்த்தால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஜந்துவுக்குப் பயப்படுவாள். அது அரணை.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வைக்கோல்போரில் கையை விட்டு வைக்கோல் பிடுங்கியிருக்கிறாள். சுருக்கென்று ஏதோ பட்டது. கையை எடுப்பதற்குள் போரிலிருந்து ஓர் அரணை இறங்கி ஓடியது. அதைத் தெருவே பார்த்தது. அந்தப் பெண்ணுக்குக் கண் இமை சொருகி, பேச்சுக் குழறி, சாயங்காலத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது. அரணை தீண்டிவிட்டது, இனிப் பிழைக்க வழியில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. போருக்குள் வேறென்ன படுத்திருந்தது என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும். ஆனால், அந்தச் சாவைக் கண்ணெதிரே பார்த்து நின்ற ஒரு சின்னப் பெண்ணின் பயத்தை நான் என்ன பேசிப் போக்கிவிட முடியும்?

உண்மையில் அரணை பார்ப்பதற்கு லட்சணமான பிராணி. பல்லியைப் போல வெளுத்துப்போய் இருக்காது, ஓணானைப் போலச் சொரசொரப்பாகவும் இருக்காது. எண்ணெய் தேய்த்துவிட்டாற்போல் உடம்பு முழுக்க ஒரு பளபளப்பு. முதுகு வெண்கல நிறம். இரண்டு பக்கமும் வெளிறிய மஞ்சளில் ஒரு கோடு ஓடும். வயிறு வெளுப்பு. கழுத்து என்று தனியாக ஒன்றும் கிடையாது, தலையும் உடம்பும் வாலும் ஒரே சீராகப் போகும். கால்கள் மிகவும் குட்டை என்பதால், ஓடும்போது பாம்புக்குட்டி நெளிந்து போவதாகத்தான் முதலில் தோன்றும். இணை சேரும் காலத்தில் ஆண் அரணைக்கு விலாப்புறம் சிவந்துவிடும். எங்கள் ஊரில் அதற்கு விஷம் ஏறிவிட்டது என்று பொருள்.

காலையில் வெயில் ஏறியதும் சுவரோரத்திலோ வரப்போரத்திலோ வந்து படுத்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும். வெட்டுக்கிளி, கரப்பான், வண்டு, புழு, மழை பெய்த மறுநாள் ஈசல் என்று பூச்சிகளாகப் பார்த்துத் தின்னும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் சருகுக்குள் நுழைந்துவிடும். அது மனிதரைத் தேடி வந்து கடித்ததை நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. அதற்கும் எங்கள் ஆட்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். கடிக்கத்தான் வருமாம், பாதி வழியில் எதற்கு வந்தோம் என்பதை மறந்து நின்றுவிடுமாம். கடைக்கு எதற்குப் போனோம் என்பதை மறந்து வெறுங்கையோடு திரும்பி வரும் என் கணவரை நானே அரணை புத்தி என்று ஏசியிருக்கிறேன். ஒரு நாள் அது மறக்காமல் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் வேம்பின் பயம்.

எங்கள் ஊர் கூத்தாநல்லூருக்குத் தெற்கே இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேம்பு சத்துணவு சமைக்கிறாள். கணவன் காத்தானுக்குக் கேரளாவில் கான்கிரீட் வேலை. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வந்து போவான். ஒரே மகள் அறிவுமதி, நாலாம் வகுப்பு. என் மகள் குந்தவையும் அதே வகுப்பு, அதே பெஞ்சு. அறுப்புக்கு மெஷின், நடவுக்கு மெஷின் என்று ஆகி, தெற்குத்தெருப் பெண்களுக்கு வயலில் வேலையே இல்லாமல் போய்க்கொண்டிருந்தபோது வேம்புக்குக் கிடைத்த வேலை இது. அவள் சமைக்க வந்த புதிதில் எங்கள் தெருவில் சில வீடுகளில் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தார்கள். என் மாமனார் துரைராசுவும் கட்டிக் கொடுக்கச் சொன்னார். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் திட்டத்தைக் கெடுத்தவர்கள் பிள்ளைகள்தான். வேம்பு தாளிக்கிற வாசனை வகுப்புக்குள் வந்துவிட்டால் அதற்குப் பிறகு டிபன் பாக்ஸை யார் திறப்பார்கள்? கட்டிக் கொடுத்தது அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் தட்டை எடுத்துக்கொண்டு ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஆனால் பெரியவர்களில் சிலர் ஒரு தப்பு நடக்கட்டும் என்று காத்துக்கொண்டே இருந்தார்கள். அது வேம்புக்குத் தெரியும். அதனால் அரிசியை மறுபடி மறுபடி அலசுவாள், கீரையை வெளிச்சத்தில் பிடித்துப் பிரித்துப் பார்ப்பாள், அவள் சமையலறைக்குள் ஈ நுழைந்தால்கூட அடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

போன மாசி மாதம் நடந்தது இது. சம்பா அறுவடை முடிகிற நேரம். மெஷின் வயலில் இறங்கிவிட்டால் பயிருக்குள் குடியிருந்த எலி, தவளை, பூச்சி எல்லாம் கரையேறி வீட்டுப் பக்கம் வரும், அவற்றைத் தின்கிறவையும் பின்னாலேயே வரும். அந்த வியாழக்கிழமை பள்ளியில் காஸ் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் வந்து சேரவில்லை. வேம்பு பின்பக்கம் அடுக்கிக் கிடந்த பழைய கருவேல விறகை இழுத்து வந்து, கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். சாதம், முருங்கைக்காயும் கத்தரிக்காயும் போட்ட சாம்பார், முட்டை. அண்டாவை இறக்கியதும் வழக்கப்படி தான் ஒரு வாய் ருசி பார்த்து, தலைமையாசிரியை மாலதி டீச்சருக்கும் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன் இரண்டு பேராவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது முறை. டீச்சர் நன்றாக இருக்கிறது என்றார். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். என் மகள் இரண்டாம் தரம் சாம்பார் கேட்டு வாங்கினாளாம்.

பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு வேம்பு அண்டாவைக் கழுவ இழுத்தாள். அண்டா நகர்ந்த இடத்தில், அடுப்புக் கல்லை ஒட்டி, ஒரு வால் கிடந்தது.

முழு அரணை கிடந்திருந்தால் அலறிக்கொண்டு ஓடியிருப்பாள், விஷயம் அதோடு முடிந்திருக்கும். கிடந்தது வால் மட்டும். சுண்டுவிரல் பருமனில் தொடங்கி ஊசியாக முடிகிற, வெண்கல நிறத்தில் மினுக்குகிற வால். அறுந்த இடத்தில் லேசாக ரத்தம் காய்ந்திருந்தது. வால் இங்கே கிடக்கிறது, மீதி எங்கே? அவள் கண் தானாக அண்டாவுக்குள் போனது. ருசி பார்த்ததற்கும் பரிமாறியதற்கும் நடுவில் முட்டை உரிக்க எழுந்து போனது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூடியைச் சரியாகப் போட்டோமா? ஆவி போகட்டும் என்று ஒரு பக்கம் திறந்து வைத்ததாகத்தான் ஞாபகம் வந்தது.

அண்டாவின் அடியில் கொஞ்சம் சாம்பார் மிச்சமிருந்தது. கரண்டியை விட்டுத் துழாவினாள். கறுப்பாக ஏதோ சுருண்டு வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டாள். குனிந்து பார்த்தால் கத்தரிக்காய்த் தோல். மறுபடி துழாவினாள். வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது. முருங்கைக்காய்ச் சதை. அண்டாவையே தரையில் கவிழ்த்துக் கையால் அளைந்தாள். அரணை இல்லை. இல்லை என்றதும் நிம்மதி வரவில்லை. அண்டாவில் இல்லை என்றால் தட்டில் போயிருக்க வேண்டும். இத்தனை பிள்ளைகளில் யார் தட்டில்? வெந்து கரைந்து எல்லார் தட்டிலுமா? தன் நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். தொண்டை அடைப்பது போலிருந்தது. அது பயத்தால் அடைக்கிறதா விஷத்தால் அடைக்கிறதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அரணைக்கு விஷம் கிடையாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானே சொல்லியிருக்கிறேன். அறிவுமதியின் பாடப் புத்தகத்திலும் இருக்கிறதோ என்னவோ. வைக்கோல்போர்ப் பெண்ணின் இமை சொருகியதைப் பார்த்தவளுக்கு நான் சொன்னது எந்த மூலைக்கு?

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சொன்னால் வேலை போகும். வேலை மட்டுமல்ல, இனித் தெற்குத்தெருக்காரி எவளும் அந்தச் சமையலறைக்குள் கால் வைக்க முடியாதபடி பேசிவிடுவார்கள். சொல்லாமல் விட்டால் சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண் சொருகி விழும். வாலை அடுப்புக்குள் தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனதாம். அப்போதுதான், அறிவுமதியும் அதே சாம்பாரைத்தானே சாப்பிட்டாள் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு வேலையும் ஞாபகத்தில் இல்லை, ஊரும் ஞாபகத்தில் இல்லை.

நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ராகம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். வேம்பு வாசலில் நின்று, "டீச்சர், அறிவுமதியோட மாமா வந்திருக்காங்க. செத்த கூட்டிட்டுப் போறேங்க" என்றாள். அப்படி ஒரு மாமா வரவில்லை. அறிவுமதி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குந்தவை காலை மடக்கி வழி விட்டாள். வேம்பு வேறு எந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்க்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டாள்.

வெளியே பூவரச மரத்தடியில் ராம்கியின் குட்டி யானை நின்றுகொண்டிருந்தது. திருவாரூருக்கு லோடு ஏற்றப் போகிற வண்டி. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம். ராம்கி டீக் கிளாஸை வைத்துவிட்டு, "என்னக்கா, அவசரமா?" என்று கேட்டானாம்.  வேம்பு வண்டிக் கதவில் கை வைத்தபடி நின்றாளாம். பிறகு மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்குள் திரும்பி ஓடினாள். மைதானத்தின் நடுவிலிருந்தே கத்தினாள்.

"டீச்சர்! சாம்பார்ல அரணை விழுந்திருச்சு டீச்சர்! புள்ளைங்கள காப்பாத்துங்க!"

அந்த நேரத்தில் நான் தார்ரோட்டில் நெல் காய வைத்துக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். போனில் பெற்றோர் குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. யாரோ ஓர் அம்மா அழுதுகொண்டே பேசியதில் "அரணை", "எல்லாப் புள்ளையும் சாப்புட்டுருச்சு" என்ற இரண்டுதான் புரிந்தது. அரணைக்கு விஷமில்லை என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான், நெல்லை மாடு தின்னட்டும் என்று போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினேன். படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. குந்தவையின் இமை சொருகியிருக்குமோ என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் மண்டைக்குள் இல்லை. ஓடும்போதே யாரையோ திட்டிக்கொண்டு ஓடினேன். அது வேம்பாகத்தான் இருக்கும்.

பள்ளியில் நான் பார்த்ததை மறக்க முடியாது. அதுவரை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் தரையில் சுருண்டு கிடந்தன. ஒன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. அதைப் பார்த்து அடுத்தது அழுதது. முதலில் வந்து சேர்ந்த பெரியவர்கள் உப்பைத் தண்ணீரில் கரைத்துப் பிடித்துப் பிடித்துப் புகட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் வாந்தி எடுத்தன. வாந்தி எடுத்ததைப் பார்த்து, "விஷந்தான், பாரு, விஷந்தான்" என்றார்கள். அந்த நாற்றமும் அலறலுமாக, எல்லாப் பிள்ளையும் சாகப் போகிறது என்றே நானும் நம்பிவிட்டேன். குந்தவை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அம்மா, எனக்குக் கண்ணு மூடுது" என்றாள். நான் அவளை வாரித் தூக்கிக்கொண்டேன்.

ராம்கியின் வண்டியில் ஒரு கூட்டம், டிராக்டர் டிரெய்லரில் ஒரு கூட்டம் என்று அள்ளிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். வேம்பும் வண்டியில் இருந்தாள். யார் பெற்ற பிள்ளை என்று பாராமல் இரண்டை மடியில் போட்டுக்கொண்டு, "தூங்காத சாமி, கண்ண மூடாத" என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அந்த வால்.

டாக்டர் கமருன்னிஸா கூத்தாநல்லூர்க்காரர். சின்ன வயதுதான் என்றாலும் அதட்டல் பலமாக இருக்கும். முதல் வேலையாக, நாங்கள் கூடவே கொண்டுபோயிருந்த உப்புத் தண்ணீர்க் குடத்தை வெளியே கொட்டச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையின் கண்ணிலும் டார்ச் அடித்து, நாடி பார்த்து, வயிற்றை அமுக்கி, ஏதாவது விளையாட்டுப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். பாதிப் பிள்ளைகள் அவர் கேட்டதற்குச் சிரித்துவிட்டன. எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் இல்ல. உப்புத் தண்ணி குடிச்சதுக்குத்தான் வாந்தி. இனிமே யாராச்சும் பிள்ளைங்களுக்கு உப்பக் கரைச்சு ஊத்தினீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"டாக்டரம்மா, அரணைங்க..." என்று ஒருவர் இழுத்தார்.

"அரணைக்கு விஷம் கிடையாதுங்க. பூச்சிய புடிச்சுத் திங்கிற ஜீவன். சாம்பார்ல விழுந்தே இருந்தாலும் அசுத்தம், வயித்துப்போக்கு வரலாம், உயிர் போகாது. அது விழுந்துச்சான்னே நீங்க பாக்கலையே." வேம்பு நீட்டிய பையை வாங்கிப் பார்த்தார். "இது பூனையோ காக்காயோ வெரட்டுனா வாலக் கழட்டி விட்டுட்டு ஓடிரும். வால் துள்ளிக்கிட்டே கெடக்கும். வெரட்டுனது வாலப் பாத்துக்கிட்டு நிக்கும், இது தப்பிச்சுரும். அப்புறம் புது வால் மொளைச்சுக்கும்."

வேம்பு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை எல்லாப் பிள்ளைகளையும் அங்கேயே வைத்திருந்துதான் அனுப்பினார்கள். அது வரைக்கும் வேம்பு உட்காரவே இல்லை. கட்டில் கட்டிலாகப் போய்க் குனிந்து இமைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து குந்தவைக்குச் சோறு ஊட்டும்போது அவள் சாதாரணமாகச் சொன்னாள். "வேம்பக்கா மொதல்ல வந்து அறிவுமதிய மட்டும் கூட்டிட்டுப் போனாங்கம்மா. அவ மாமா வந்திருக்காருன்னு சொன்னாங்க. அப்புறந்தான் ஓடி வந்து கத்துனாங்க."

 எந்த மாமா? ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதுவரை என்னிடம் இருந்த பயமெல்லாம் கோபமாக மாறியது. என் மகள் காலை மடக்கி வழிவிட்டிருக்கிறாள். அவளைச் சாவுக்கு விட்டுவிட்டு, தன் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள் இவள். விஷமில்லை என்று டாக்டர் சொன்னதெல்லாம் பிறகு. அந்த நிமிடத்தில் வேம்பு விஷம் என்றுதானே நம்பினாள்? நம்பிக்கொண்டுதானே போனாள்? இதை என்னால் விழுங்க முடியவில்லை. மறுநாள் குந்தவைக்கு டிபன் பாக்ஸ் கட்டியது என் மாமனார் சொல்லி அல்ல, நானாகத்தான்.

அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோரைக் கூட்டினார்கள். வேம்பை மாற்றச் சொல்லி ஒரு மனு தயாராக இருந்தது. பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வேறு ஆள் போடுவதாக ஒன்றிய அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். வேம்பு கதவோரம் நின்றிருந்தாள். அந்தக் கூட்டம் முடிவதற்குள் அவளுக்கு அடுப்பும் இல்லாமல் போகலாம், திரும்பிப் போக வயலிலும் வேலை இல்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டீங்க?" என்று என் மாமனார் ஆரம்பித்தார்.

"டாக்டர் விஷம் இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க ஐயா" என்றார் மாலதி டீச்சர்.

"விஷம் இல்லன்னா அரணைய சாம்பார்ல போடலாமா டீச்சர்?"

"விழுந்துச்சுன்னு யாரும் பாக்கலைங்க. வேம்பு மறைச்சிருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. அவதான் வந்து சொன்னா."

இந்தப் பேச்சு கூட்டத்தில் எடுபட்டது. அவள்தானே சொன்னாள், அதுவும் சரிதானே என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எப்படிச் சொன்னாள், எப்போது சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுவில் எல்லாத் தெருவும் கையெழுத்துப் போட்டுவிடும், தெற்குத்தெருவும் சேர்த்து. நான் எழுந்து நின்றேன்.

வேம்பு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அல்லது அவள் முன்பே முடிவு செய்துகொண்டுதான் வந்தாளோ, தெரியாது.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்லணுங்க" என்றாள்.  "வாலப் பாத்ததும் நான் ஒடனே வந்து சொல்லலைங்க. எம்புள்ளைய மட்டும் கூட்டிக்கிட்டு கேட்டுக்கு வெளிய போயிட்டேன். மாமா வந்திருக்காருன்னு பொய் சொன்னேன். ஒங்க புள்ளைங்க எல்லாம் செத்துரும்னு நெனைச்சுக்கிட்டேதான் போனேன்."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று என் மாமனார் நாற்காலியைத் தட்டினார். தெற்குத்தெருப் பெண் ஒருத்தியே, "அடிப்பாவி, எம்புள்ளையுந்தானடி உள்ள இருந்துச்சு" என்று அழுதாள்.  வேம்பு முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றாள்.

நான் உட்காரவில்லை. என் கோபம் அடங்கவும் இல்லை. சொல்ல வைத்திருந்ததை அவளே சொல்லிவிட்டதில் அது இன்னும் கூடியிருந்தது.

"அவ்வளவு தூரம் போனவ, அப்படியே போக வேண்டியதுதான? எதுக்குத் திரும்பி வந்த?" என்று கேட்டேன். நல்லவிதமாகக் கேட்கவில்லை.

அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வண்டிக் கதவுல கைய வச்சிட்டேங்க்கா. அறிவுமதி என் மூஞ்சியப் பாத்தா. வகுப்புல மத்த புள்ளைங்க வாய்ப்பாடு சொல்றது அங்க வரைக்கும் கேட்டுச்சு. இவளுக்கு ஒரே சந்தோஷம். 'எனக்கு மட்டும் லீவாம்மா?'ன்னு கேட்டா." வேம்பின் உதடு கோணிக்கொண்டது. "ஆமான்னு சொல்லிட்டா ஏறிப் போயிருப்போம். அந்த ஆமா வாய்ல வரலக்கா."

மனு வரிசையாகக் கை மாறி என்னிடம் வந்தது. என் மாமனார் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. தாளைப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குப் பின்னால் இருந்தவரிடம் கொடுத்தார். சிலர் போட்டார்கள், பலர் போடவில்லை. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் போயிற்று. அடுத்த திங்கட்கிழமையும் வேம்புதான் அடுப்பு மூட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் என் மாமனார் என்னோடு பேசவில்லை. எதற்காகக் கையெழுத்துப் போடாமல் வந்தாய் என்று என் கணவர் கேட்டார். அவள் மேல் இரக்கம் என்று சொன்னேன். அது உண்மையில்லை. அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் என்னை அந்த வண்டியின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன், குந்தவையின் கையைப் பிடித்தபடி. எனக்கு மட்டும் லீவாம்மா என்று குந்தவை கேட்கிறாள். நான் உடனே, சிரித்த முகத்தோடு, ஆமாம் என்கிறேன்.